முதுகில் முடியுள்ள ஈ

வெள்ளை ஈயைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த இனம் என்று சொல்ல முடியாது. இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லிச் சலித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பறக்கிற ஈக்கள் எல்லாம் கோலமாவில் புரண்டு எழுந்ததுபோல ஒரே மாதிரிதான் இருக்கும். அடையாளம் இருப்பது, பறப்பதற்கு முன் இலையின் அடியில் அது விட்டுப்போகும் கூட்டில். கடுகைவிடச் சின்னது. அதைப் பெயர்த்து, காரக் கரைசலில் வேகவைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்து முதுகு முடிகளைப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் உடைந்துபோகும். உடையாத ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தால் கரண்ட் போகும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு வாடகை வீட்டின் முன்னறைதான் எங்கள் ஆய்வகம். நானும், சாவி வைத்திருந்த உதவியாளர் ஒருவரும்தான் அங்கே வேலை. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி வெளியூரில் இருந்தார், வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவேன். பருத்திக்காரர்கள் வாடிய இலையோடு வருவார்கள். நான் உடனே கூடு இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்ப்பேன். “என்ன பூச்சின்னு பொறவு பாருங்க, என்ன மருந்து அடிக்கன்னு இப்பம் சொல்லுங்க” என்பார்கள். எரிச்சலாக வரும். ஆனால் அவர்கள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

எனக்கு வேறு ஆசை இருந்தது. எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வரப்போரத்தில் துத்திச் செடிகள் நின்றன. துத்தி இலையைத் தொட்டால் வெல்வெட்டுத் துணி மாதிரி மெத்தென்று இருக்கும், அவ்வளவு ரோமம். அதில் கிடைத்த கூடுகளின் முதுகில் நீளமான முடிகள் இருந்தன. பருத்தியில் வருகிற சாதாரண வெள்ளை ஈயின் கூட்டில் அவை இல்லை. புது இனம் என்று முடிவு கட்டினேன். அந்த ஊர்ப் பெயருக்கே லத்தீன் வால் ஒட்டிப் பெயரும் வைத்தேன். எழுதிப் பார்த்தால் பூச்சியைவிடப் பெயர் பெரிதாக இருந்தது.

“ஒரு தடவை வேற செடியில மாத்தி வளத்துப் பாரும்மா. சில இனம் இலைக்குத் தக்கன உருவத்தை மாத்தும்” என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். சரி சார் என்றேன், செய்யவில்லை. மழை என்றேன், வெயில் என்றேன், செடி கிடைக்கவில்லை என்றேன். உண்மையான காரணம் பயம். கட்டுரையை அனுப்பிவிட்டேன். இன்னும் நிறைய மாதிரிகள் வேண்டும் என்று பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. மார்ச்சோடு என் வேலை முடிகிறது. அதற்குள் அனுப்பாவிட்டால் இரண்டு வருஷ உழைப்பும் குப்பை.

வரப்போரத்துத் துத்தியை அதற்குள் ஆடு கடித்துவிட்டது. மிஞ்சியவற்றைக் கரிசல் மண்ணோடு பெயர்த்து ஒரே பெரிய தொட்டியில் நட்டு, பழைய வேட்டியைக் கூண்டு மாதிரி தைத்து மூடி, ஈக்களை உள்ளே விட்டு வீட்டின் பின்பக்கம் வைத்திருந்தேன். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் வருகிற தண்ணீரில் என் குளியலைக் குறைத்து அதற்கு ஊற்றினேன். இலையடியில் கூடுகள் நிறைந்தன. திங்கட்கிழமை பறிக்கலாம் என்று ஊருக்குப் போனேன்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் துத்தியில் குச்சிகள்தான் நின்றன. ஓர் இலை இல்லை. வேட்டி மட்டும் பழையபடி ஒழுங்காகக் கட்டியிருந்தது.

“அண்ணாச்சி, இலை எங்கே?”

“நான்தாம்மா பறிச்சேன். மூலம் ரொம்பப் படுத்துது, உக்கார முடியல. வெளக்கெண்ணெயில வதக்கித் தின்னேன்.”

“அதுல பூச்சி இருந்துச்சே அண்ணாச்சி.”

“வெள்ளை வெள்ளையா, பிசுபிசுன்னு என்னமோ அப்பியிருந்துச்சு. நாலு தண்ணி விட்டு அலசிட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “தப்பா நெனைக்காதீங்கம்மா. ஒங்களுக்கும் அந்தச் சீக்கு போல, வெளிய சொல்ல வெக்கப்பட்டு துணி போட்டு மூடி வளக்குதீங்கன்னு நெனச்சேன். அதான் கேக்கலை.”

எனக்கு அழுகை வந்தது. அவரைத் திட்டவும் முடியவில்லை. என் புது இனத்தை வதக்கித் தின்றுவிட்டு, என் மானத்தையும் காப்பாற்றி வைத்திருக்கிறார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் மனம் கேட்காமல், என்னிடம் சொல்லாமலேயே அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவந்தார்.

மூன்று வாரம் கழித்து, தொட்டியைக் காலி செய்ய வேட்டியை அவிழ்த்தேன். கரிசல் மண்ணோடு வந்த ஏதோ ஒரு விதையிலிருந்து ஆமணக்கு ஒன்று முழ உயரம் வளர்ந்திருந்தது. பிடுங்கச் சோம்பல்பட்டு நான் விட்டுவைத்த கன்று. துத்தி மொட்டையானதும் மிச்ச ஈக்கள் அதில் ஏறிவிட்டன. இலையைத் திருப்பினால் அடி முழுக்கக் கூடுகள். தப்பித்தோம் என்று துள்ளினேன். அன்றைக்கே வேகவைத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன்.

முதுகில் முடி இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஆமணக்கு இலை வழவழவென்று இருக்கும். கூடும் வழவழவென்று இருந்தது. பருத்தி ஈயேதான்.

அண்ணாச்சி துணியை அவிழ்த்தபோது வெளியிலிருந்து பருத்தி ஈ புகுந்திருக்கும் என்று எனக்கே நான் வக்காலத்து வாங்கினேன். அப்படியானால் நிரூபிக்க வேண்டியதுதானே என்று கோபத்தோடு ஒரு புதிய கூண்டு தைத்தேன். புதிதாக முளைத்த துத்திக் கன்று ஒன்றை அதில் வைத்து, ஆமணக்கிலிருந்து வந்த ஈக்களை மட்டும் விட்டேன். அவை பருத்தி ஈக்கள் என்றால் துத்தியிலும் முடி வராது, நான் சொன்னதுதான் சரி என்று ஆகும் என நினைத்தேன். பிப்ரவரி முடியும்போது அந்தத் துத்தியில் கூடுகள் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் நீள நீளமாக முடி.

ஒரே ஈ. ரோமம் உள்ள இலையில் வளர்ந்தால் முடி வரும், வழுக்கு இலையில் வளர்ந்தால் வராது, அவ்வளவுதான். அந்தத் துத்திக் கன்றைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருந்தால் ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு, பேருந்து நிலையம் பக்கத்து பூத்திலிருந்து வழிகாட்டிக்குப் போன் போட்டேன். நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன்.

“அப்போ ரெண்டு வருஷமா நீ என்னதாம்மா பார்த்தே?” என்றார்.

“இலையைத்தான் சார் பார்த்திருக்கேன்” என்றேன்.