நான் அடைத்த ஓட்டை

எங்கள் பக்கத்தில் எங்கே தண்ணீர் ஒழுகினாலும் கை தானாகப் போய் அடைத்துவிடும். தெருக்குழாய் சொட்டினால் துணியைச் சுற்றுவோம். பிளாஸ்டிக் குடத்தில் ஓட்டை விழுந்தால் சோப்பை அப்புவோம். அப்படி வளர்ந்தவன் நான். என் மண் அள்ளும் வண்டி சொட்டினால் மட்டும் சும்மா இருப்பேனா?

மூன்று வருடம் முன்பு, திருச்சுழிக்கு அந்தப் பக்கம், என் மனைவி பிறந்த ஊர்க் கண்மாயில் மண் எடுக்கும் வேலை கிடைத்தது. டிராக்டர்கள் போய்வரக் கரையை இரண்டு வண்டி அகலத்துக்கு வெட்டித் திறந்திருந்தோம். ஐப்பசி மழைக்குள் அந்த இடத்தை மூடி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வருகிற தண்ணீர் அத்தனையும் ஓடிவிடும். ஊருக்கு அந்த வருஷம் நெல் கிடையாது. மூடித் தருகிறேன் என்று ஊர்க்கூட்டத்தில் மார்தட்டியவன் நான்தான். மாமனார் ஊர் அல்லவா, கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன்.

ஒருநாள் காலை எஞ்சினுக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். ரேடியேட்டர் தண்ணீரை எஞ்சினுக்குள் சுற்றவிட்டுச் சூட்டை ஆற்றுகிற வாட்டர் பம்பின் அடியில், விரல் நுழையாத ஒரு ஓட்டை. அதிலிருந்துதான் சொட்டியது. துடைத்துவிட்டு, குழாய் ஒட்டுகிற பசையை உருட்டி வைத்து அழுத்தினேன். குறைந்த தண்ணீருக்கு வழக்கம்போலப் பக்கத்துப் போர்த் தண்ணீரை ஊற்றினேன். வாயில் வைக்க முடியாத உப்பு அது. இரும்புக்கு என்ன நாக்கா இருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு என்னைவிடப் பெரிய மெக்கானிக் இந்த ஜில்லாவில் கிடையாது.

கரையை மூடத் தொடங்கிய அன்று காலையிலேயே பம்பு கரகரவென்று கத்தியது. பெல்ட் அறுந்தது. சூடு காட்டும் முள் சிவப்புக்குத் தாவியது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினால் கிழக்கே மேகம் கறுத்திருந்தது. அக்கம்பக்கத்து வண்டிகள் எல்லாம் வேறு வேறு கண்மாய்களில் நின்றன.

என் மனைவியின் அண்ணன் வந்து, "மாப்ள, மழைக்குள்ள மூடிரலாம்ல?" என்றார்.

"வண்டி என்ன மாடா மச்சான், தார்க்குச்சிய வச்சுக் குத்துறதுக்கு?" என்று எரிந்து விழுந்தேன். அவர் வயலும் அந்தக் கரைக்குக் கீழேதான் இருக்கிறது.

நான் போன் போட்டுச் சொன்ன மெக்கானிக் நண்பகலில் அருப்புக்கோட்டையிலிருந்து புதுப் பம்பை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். நெசவுக் குடும்பத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். தறிச் சத்தம் பிடிக்காமல் எஞ்சின் சத்தத்துக்கு வந்தேன் என்று சிரிப்பார். பழைய பம்பைக் கழற்றித் திருப்பியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"இத யாருண்ணே அடைச்சது?"

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்று கூசாமல் புளுகினேன்.

"இது வேணும்னே விட்ட ஓட்டைண்ணே. உள்ள தண்ணியத் தடுக்குற சீலு தேஞ்சா தண்ணி இது வழியா வெளிய வந்து நமக்குச் சொல்லும். அடைச்சா பம்பு சுத்துற பேரிங்குக்குள்ள போயி மொத்தத்தையும் தின்னுரும்." பம்புக்குள் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "சீலத் தேச்சதே இந்த உப்புதான். புதுப் பம்புக்கும் போர்த் தண்ணிய ஊத்துனா நான் பொறுப்பில்ல. துருவும் சூடும் ஏறாம இருக்கக் கூலண்டு கொண்டாந்திருக்கேன். கழுவவும் கலக்கவும் மூணு குடம் நல்ல தண்ணி வேணும்."

அந்த ஊரில் நல்ல தண்ணீர் என்றால் லாரியில் வந்து குடம் குடமாக விற்கிற தண்ணீர்தான். முந்தின நாள்தான் லாரி வந்து போயிருந்தது. மச்சான் என்னிடம் ஒன்றும் கேட்காமல் தெருவுக்கு நடந்தார். அரைமணி நேரத்தில் மூன்று பெண்கள் இடுப்பில் குடத்தோடு கரையேறி வந்தார்கள். முன்னால் வந்தது மச்சான் மனைவி.

"எதுல தம்பி ஊத்தணும்?"

குடத்தை வாங்க எனக்குக் கை வரவில்லை. "அக்கா, வண்டி தானாக் கெடல. ஒழுகுன ஓட்டைய நாந்தான் அடைச்சேன். உப்புத் தண்ணிய ஊத்துனதும் நாந்தான்" என்றேன். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒழுகுனா அடைக்காம என்ன செய்வாக? நானா இருந்தாலும் அடைச்சிருப்பேன். கொடத்தப் பிடிங்க தம்பி, இடுப்பு வலிக்குது."

முதல் குடத்துத் தண்ணீர் எஞ்சினைக் கழுவிக்கொண்டு கண்மாய் மண்ணில் ஓடியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மற்ற இரண்டு குடத்தையும் கூலண்டோடு கலந்து ஊற்றினோம். பொழுது சாய்வதற்குள் எஞ்சின் ஓடியது, முள் நடுவில் நின்றது. மறுநாள் மாலைக்குள் கரையை மூடி, வண்டியை மேலே ஏற்றி ஏற்றி மிதித்து இறுக்கினேன். இன்றைக்கும் காலையில் சாவி போடும் முன்னால் பம்புக்கு அடியில் விரல் வைத்து ஈரம் பார்க்கிறேன். நல்ல தண்ணீரும் கூலண்டும் தவிர வேறெதையும் ரேடியேட்டர் பக்கம் அண்டவிடுவதில்லை.

கரையை மூடியதற்கு அடுத்த நாள் மழை இறங்கியது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். நான் மூடிய இடத்தில் கலங்கல் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஊரே கரைமேல் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"லாரி வர்ற வரைக்கும் குடிக்க என்னக்கா செஞ்சீக?" என்று மச்சான் மனைவியிடம் கேட்டேன்.

"போர்த் தண்ணிதான். காய்ச்சிக் குடிச்சோம்."

பம்புக்கு ஆகாது என்ற தண்ணீர். அக்கா கண்மாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது நெறஞ்சா கரைக்குக் கீழ உள்ள கெணறு ஊறிரும் தம்பி. தண்ணி கல்கண்டா இருக்கும். தையில தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க, குடிச்சுப் பாக்கலாம்" என்றார்.

தை மாதம் நானும் மனைவியும் போனோம். நான் இரண்டு சொம்பு குடித்தேன்.