பதினான்கு மணித்தியாலத் தூரம்

இலண்டனில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. இங்கே தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வார்கள். மூதூரில் பிறந்த எனக்கு எந்த ஊரும் இத்தனை கட்டை; மைலுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. விமான டிக்கெட் வாங்கப் போன இடத்திலும், "கொழும்பு எவ்வளவு தூரம்?" என்றுதான் பதறிக் கேட்டேன். "பதினான்கு மணித்தியாலம்" என்றாள் அங்கிருந்த பெண். உம்மாவுக்குச் சுகயீனம் கடுமை, உடனே வா என்ற தந்தி என் கையில் இருந்தது. விமானம் மறுநாள் காலை பதினொரு மணிக்கு. விரல்விட்டு எண்ணினேன். இரவு ஒரு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவேன் என்று ஊருக்குத் தந்தி அடித்தேன்.

இலண்டனுக்கும் ஊருக்கும் உள்ள ஐந்தரை மணித்தியால வித்தியாசத்தைக் கூட்ட மறந்துவிட்டேன் என்றால் அது பொய். கூட்ட வேண்டும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் நான் வந்தது கப்பலில். நாளுக்குக் கொஞ்சமாகக் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பச் சொன்னார்கள். விளையாட்டுப் போலத் திருப்பினேன். பிறகு ஊரோடு கடிதம் மட்டும்தான். கடிதம் எழுதுகிறவனுக்கு அங்கே மணி என்ன என்பது எதற்கு?

விமானம் இறங்கியபோது விடிந்திருந்தது. திடுக்கிட்டுப் போனேன். சுவர்க் கடிகாரத்தில் ஆறரை. விமானம் பிந்திவிட்டதா என்று அதிகாரியிடம் கேட்டேன். சரியான நேரத்துக்கே வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்னை ஒருமாதிரிப் பார்த்தார். கார் பிடித்துத் திருகோணமலைக்கு வரப் பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. இரண்டு மணிக்குப் புறப்படும் லோஞ்சில், மோட்டார்ப் படகில், குடாவைக் கடந்தேன்.

மூதூர் இறங்குதுறையில் அக்காவின் கணவர் தனியாக நின்றார்.

"மச்சான், உம்மா?"

"நேத்து பொழுதுபட்டு மஹ்ரிபோட மௌத்தாகிட்டா. காலையில அடக்க இருந்தம். உங்கட தந்தியப் பாத்து மத்தியானம் லுஹர் வரைக்கும் வெச்சிருந்தம். அதுக்குமேல ஏலாமப் போச்சு."

எங்களில் ஒரு பெண்ணின் மையித்தைக் கபுறுக் குழிக்குள் இறக்குவது அவளுக்கு நெருங்கிய ஆண்கள். நான் உம்மாவுக்கு ஒரே மகன். எனக்குப் பதிலாக, இடுப்பு வலிக்கும் நாரிப் பிடிப்போடு வாப்பாவே குழிக்குள் இறங்கினாராம்.

மையவாடியில் வாப்பா இன்னும் கபுறடியில் உட்கார்ந்திருந்தார். சாரனில் ஈரமண். என்னைக் கண்டும் எழும்பவில்லை.

"ஒரு மணிக்கு இறங்கினா காலை லோஞ்சுக்கு வந்திருக்கலாமே. கொழும்புல ஆரிட்ட நிண்ட மகன்?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விளங்கப்படுத்தினேன். அங்கே இரவு ஒரு மணி என்றால் இங்கே காலை ஆறரை, சூரியன் நமக்குத்தான் முந்தி உதிக்கிறது என்றேன். பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல என் குரல் எனக்கே கேட்டது, வெட்கமாக இருந்தது.

வாப்பா எல்லாவற்றையும் கேட்டார்.

"எங்களுக்கு இதெல்லாம் தெரியாது மகன். நீ அங்க இருக்கிற ஆள். உனக்குத் தெரியும்தானே?"

மூடிய கபுறின் மேல் மூன்று பிடி மண் போட்டேன். கூட வந்த மச்சானின் கைக்கடிகாரத்தில் மூன்றரை. இலண்டனில் இப்போது காலை பத்து, நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் தேநீருக்கு மணி அடித்திருக்கும் என்று மனம் தானாகவே எண்ணியது. இந்த முறை கணக்குப் பிழைக்கவில்லை.