கஞ்சி போட்ட கழுத்து டை

எங்கள் வல்லக்கோட்டையில் நடேசனை யாரும் கேலி செய்யாமல் விட்டதில்லை, நான் உட்பட. தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனியில் அவனைத் தற்காலிக சூப்பர்வைசராகப் போட்டார்கள். நான் அங்கே வெறும் ஆபரேட்டர். சூப்பர்வைசர் என்றால் டை கட்ட வேண்டும். தாம்பரத்தில் மெரூன் நிறத்தில் ஒன்று வாங்கினான். கடைக்காரரே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அந்த முடிச்சை இவன் அவிழ்த்ததே இல்லை. சாயங்காலம் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றுவான், காலையில் தலைவழியாக மாட்டுவான். மாட்டுக்குக் கயிறு மாட்டுகிற மாதிரிதான். இந்த லட்சணத்தில், டை நுனி பெல்ட்டைத் தொட வேண்டும், பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் வேறு!

ஒரு திங்கட்கிழமை பெரிய என்ஜினியர் வருவதாக இருந்தது. அவர் பார்த்துச் சொன்னால்தான் நடேசனுக்கு வேலை நிரந்தரம். அதற்கு முந்தின நாள், வாலாஜாபாத்திலிருந்து புதுசாகக் கட்டிக்கொண்டு வந்த பெண்டாட்டி கலைமதி, டையில் குழம்புக் கறையைப் பார்த்துவிட்டாள். துவைத்து, சோற்றுக்கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டாள். வேட்டிக்குச் செய்கிற மரியாதை அத்தனையும் செய்தாள், பாவம்.

காலையில் டை பலகை மாதிரி நின்றது.

"முடிச்ச ஏன்டி அவுத்த?"

"முடிச்சிக்குள்ள அழுக்கு இருக்காதா?"

"என் வேலையே போச்சுடி!" என்று கத்திவிட்டு, டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் பிடித்தான்.

கம்பெனியில் சீனியர் சூப்பர்வைசர் ரகுபதியிடம் போய்க் கெஞ்சினான். "எனக்கு இன்னாயா தெரியும்? என்னுதும் அதே கடைக்காரரு போட்டதுதான்" என்றார் அவர். மற்ற சூப்பர்வைசர்கள் கதையும் அதுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என்ஜினியர் வந்தார். மெஷின் பக்கம் வந்ததும் தன் டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார். "சுத்துற மெஷின்கிட்ட இத மாட்டிக்கிட்டு நிக்கறீங்களே, இழுத்துச்சுன்னா கழுத்து என்னாகும்? புத்தி உள்ளவர் இவர் ஒருத்தர்தான்" என்று வெறுங்கழுத்தோடு நின்ற நடேசனைக் காட்டினார். வேலை அன்றைக்கே நிரந்தரமானது. ஷெட்டுக்குள் டையும் ஒழிந்தது.

வேலை நிரந்தரமானதைக் கலைமதி நம்பவில்லை. "எம்மேல பழி வரக்கூடாதுன்னு சொல்றீங்க. நான்தான் கெடுத்துட்டேன். டை கட்ற மாப்ளன்னு எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிக்கீது" என்று வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் எவ்வளவு சொல்லியும் பலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடேசன் காலையிலேயே தாம்பரம் போய், அந்தக் கஞ்சி டையைக் கடைக்காரரிடம் நீட்டி, அவர் திட்டிக்கொண்டே முடிச்சுப் போட்டுத் தந்ததை மாட்டிக்கொண்டு வந்து, பெண்டாட்டியோடு மாமியார் வீட்டுக்குக் கிளம்பினான். துணைக்கு நானும் போனேன். பஸ் ஜன்னல் காற்றில் எல்லார் துணியும் பறந்தது, அந்த டை மட்டும் அசையவில்லை.

மாமியார் தொட்டுப் பார்த்தாள். "இன்னா மாப்ள, இப்டி மொடமொடன்னு கீது?"

"உங்க பொண்ணு கஞ்சி போட்டது அத்தே. அதாலதான் எனக்கு வேலையே பர்மனெண்ட் ஆச்சி" என்றான், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

கலைமதி அடுப்படிக்குள் போய் அழுதாள். பிறகு முகம் கழுவி வந்து, எங்கள் முன்னாலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.