பத்தே முக்காலுக்கு அணைத்த சுவிட்ச்

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்கால். மகள் தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய லேப்டாப்பின் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தன. நான் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன்.

கை தவறிப் படவில்லை. ராகு காலம் பத்தரைக்கே பிறந்துவிட்டது. அவள் அதில் ஒரு மென்பொருளை நிறுவத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மூன்று மணிக்கு ஒரு கம்பெனியின் வேலைக்கான தேர்வு இருந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் அவர்கள் சொன்ன மென்பொருள் லேப்டாப்பில் இருக்க வேண்டும். அவளுடையது விண்டோஸில் அல்ல, லினக்ஸில் ஓடுவது. ஒன்றைக் கேட்டால், அதற்குத் தேவையான துணை மென்பொருள்களை, பொதிகள் என்பாள், இணையத்திலிருந்து இறக்கி ஒவ்வொன்றாகப் பொருத்தும். "அதுபாட்டுக்கு ஓடட்டும்மா, தொட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

முன்பு இரண்டு கம்பெனிகளில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. இரண்டு முறையும் நல்ல நேரம் பார்க்கவில்லை என்பது என் மனதில் முள்ளாகக் கிடந்தது. நான் நாமக்கல்லில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ராகுவும் கேதுவும் என்னவென்று பிள்ளைகள் கேட்டால், பலகையில் வட்டம் போட்டு நிழலை விளக்குகிறவள். அன்று மகளுக்குத் துணையாக விடுப்பு எடுத்திருந்தேன். இப்போது நிறுத்திவிட்டால் பன்னிரண்டுக்கு மேல் புதிதாகத் தொடங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன், ஏதோ மிக்சியை நிறுத்தி ஓடவிடுவதுபோல. பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப் அது. திரை உடனே இருண்டது. சுவிட்சை மறுபடி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஈரத்தலையோடு வந்தவள் நின்றாள். "ஏம்மா ஆஃப் ஆயிருச்சு?"

"கரண்ட் போயிருச்சு சாமி. இப்பத்தான் வந்துச்சு."

பொய் அவ்வளவு எளிதாக வந்தது.

"பன்னெண்டு மணிக்கு மேல ஆரம்பிச்சுக்கலாமே" என்றேன். அவள் அதைக் காதில் வாங்காமல் அப்போதே தொடங்கிவிட்டாள். முந்தைய வேலை பாதியில் நிற்கிறது, முதலில் அதைச் சரிசெய் என்றது திரை. அதற்கான கட்டளையைத் தட்டினாள். நாலைந்து பொதிகள் ஒன்றையொன்று கைகாட்டின. இது இல்லாமல் அது பொருந்தாதாம், அது இல்லாமல் இது பொருந்தாதாம். நடந்ததைத் தானே எழுதிவைக்கும் பதிவைத் திறந்தாள். கடைசிப் பகுதி குப்பை எழுத்துகளாக இருந்தது.

"கரண்ட் போறப்ப எது ஓடிட்டிருந்துச்சுன்னு தெரிஞ்சா போதும், அதை மட்டும் புடுங்கிட்டு மறுபடியும் போட்டுருவேன். நீங்க இங்கதான இருந்தீங்க, பாத்தீங்களாம்மா?"

பார்த்திருந்தேன். ஒலிக்கான ஒரு பொதி, அறுபத்திரண்டு சதவீதம். அந்த வரியை முழுதாகப் படித்துவிட்டுத்தான் சுவிட்சில் கை வைத்தேன். சொன்னால், கரண்ட் போகும் நொடியில் திரைக்கு முன்னால் ஏன் நின்றீர்கள் என்று கேட்பாளோ என்று பயம். கேட்டிருக்க மாட்டாள்.

"கவனிக்கலையே கண்ணு."

எது கெட்டதென்று தெரியாததால் எல்லாவற்றையும் கைபேசியின் இணையத்தில் மறுபடி இறக்கத் தொடங்கினாள். அது நத்தையாக நகர்ந்தது. கோழிப்பண்ணையிலிருந்து சாப்பிட வந்த என் கணவர் அவளை எட்டிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, அடைக்கோழியாட்டம் அசையாம உக்காந்திருக்கே? எத்தன குஞ்சு பொரிச்சிருக்குது?"

"அப்பா, நீங்க வேற. கரண்டு போயி எல்லாம் கெட்டுப்போச்சு."

"கரண்டா? பண்ணையில போகலையே." கைபேசியை எடுத்தார். "நம்ம லைன்மேனை வரச் சொல்றேன். பரீட்சை நேரத்துல மறுபடியும் போச்சுன்னா?"

"அதெல்லாம் வேண்டாமுங்க" என்றேன்.

"உனக்கென்ன புள்ள, ஒரு போன்தானே."

இரண்டே கால் ஆகியும் பொதிகள் இறங்கி முடியவில்லை. ஒலிப் பொதியின் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. மகள் லேப்டாப்பை நகர்த்திவிட்டு, கைபேசியில் அந்தக் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினாள். அனுப்பும் முன் எனக்கு வாசித்துக் காட்டினாள். எங்கள் ஊரில் காலையில் ஏற்பட்ட மின்தடையால் என் கணினி பழுதாகிவிட்டது, வேறொரு நாள் தர முடியுமா என்று கேட்டிருந்தாள்.

"சரியா இருக்குதாம்மா?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னேன். மாற்றினாள், அனுப்பினாள். இதை எழுதும் இன்றுவரை அவர்களிடமிருந்து பதில் இல்லை.

வாசலில் பைக் நின்றது. லைன்மேன் செருப்பைக் கழற்றாமல் கதவருகே நின்று மீட்டர் பெட்டியைப் பார்த்தார். மகள் கைபேசியோடு எழுந்து வந்தாள்.

"ஏனுங்க்கா, இந்த லைன்ல காலைல இருந்து ஒரு நிமிசங்கூட கரண்டு போகலீங்களே" என்றார் என்னைப் பார்த்து. "போச்சுன்னு யாருங்க சொன்னது?"