அலரியிடம் பெயர் வாங்கிய மரம்

ஞாயிறு காலை எட்டரைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் புறக்கோட்டை பஸ் ஏறினேன். கையில் ஈரத்தாளில் சுற்றிய சிவப்புப் பூங்கொத்து. முந்தின நாள் நுவரெலியாவில், நான் தங்கிய வீட்டின் வேலியோர மரத்திலிருந்து வீட்டுக்காரர் ஒரு கிளையையே வெட்டித் தந்திருந்தார். பூவின் பெயர் தெரியாமல் பயணக் கட்டுரை எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மீதிக் கிளையைத் தங்கை வாசுகியின் குசினியில், அடுப்பருகே விட்டுவந்தேன்.

புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோக்காரர் நானூறு ரூபா கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேரம் பேசி முந்நூற்றைம்பதுக்கு இறக்கினேன். அதில் ஒரு பெருமை வேறு.

கம்பஸில் என்னோடு படித்த ரெஜினா இப்போது தாவரவியல் ஆசிரியை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே சொல்லிவிட்டாள்: ரோடோடென்ட்ரன் ஆர்போரியம், ஹீத் செடிகளின் குடும்பம். கிரேக்கத்தில் ‘ரோஜா மரம்’ என்று பொருளாம். நம் நாட்டு வகைக்கு, தீவின் பழைய பெயரை ஒட்டி ‘செய்லானிக்கம்’ என்றும் சேர்ப்பார்களாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“ஆனா கிரேக்கர் முதல்ல இந்தப் பேரை வைச்சது அலரிக்கடி. பிறகுதான் இதுக்கு வந்தது. ரெண்டும் நஞ்சுதான்,” என்றாள்.

வாசுகியின் குசினியில் விட்டுவந்த கிளை நினைவுக்கு வந்தது. அவள் கணவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. தினமும் காலையில் அவருக்கு ஏதாவதொரு இலையை அரைத்து இலைக்கஞ்சி வைப்பாள். இந்த இலையையும் போடலாமா என்று நான் புறப்படும்போது கேட்டாள். பெயர்கூடத் தெரியாத நான், மலைநாட்டு இலை, உடம்புக்கு நல்லது என்று அளந்துவிட்டு வந்திருந்தேன்.

போன் எடுத்தேன். மணி பத்தே கால்.

“குடிச்சிட்டார் அக்கா. சரியான கைப்பாம். இப்ப தலை சுத்துதெண்டு படுத்திருக்கிறார்.”

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு நானும் ஓடினேன். இம்முறை ஓட்டோவில் விலை கேட்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. என்ன இலை என்று வைத்தியர் கேட்டார். வாசுகி என்னைப் பார்த்தாள். கட்டுரைக்கு அழகு சேர்க்கத் தேடிப்போன பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எழுதிக்கொண்ட வைத்தியர், தன் போனில் தேடிப் பார்த்து, அங்கேயே ஊசி போடச் சொன்னார்.

மாலை நாலரைக்கு நாடி சீரானது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை யாழ்ப்பாண ரயிலுக்குப் புறப்பட்டபோது வாசுகி இடியப்பம் கட்டித் தந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேற்றடியில் நின்று மெல்லச் சொன்னாள்:

“அவர் ‘கைக்குது, வேண்டாம்’ எண்டுதான் சொன்னவர். அக்கா சொன்னவ எண்டு நான்தான் முழுக்கக் குடிக்க வைச்சனான்.”