நான் மூச்செடுக்கும் இடம்

வீடுவீடாகப் பாடிப்போன கிறிஸ்துமஸ் கேரல் பவனி முடிந்த மறுநாள் என் குரல் போய்விட்டது. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் தொண்டையைப் பார்த்த டாக்டரம்மா, இரண்டு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார். "கிசுகிசுன்னும் பேசப்பிடாது, டீச்சரே. மீறினா பழைய குரல் திரும்பி வரும்னு நான் சொல்லமாட்டேன்." புதுவருட ஆராதனைக்கு நான்கு நாள்தான் இருந்தது. பயந்துபோனேன். பள்ளிக்கூடத்திலும் சரி, சபையிலும் சரி, குரலை விட்டால் என்னிடம் வேறு என்ன உண்டு? ஆனாலும் புதுவருடத்தன்று ஒருநாள் மட்டும் மீறிவிடலாம் என்று மனதுக்குள் திட்டம் வைத்திருந்தேன்.

சபையின் பாடகர் குழுவை நான் கூடவே பாடித்தான் பழக்குவேன். எங்கள் பாட்டுப் புத்தகத்தில் ஸ்வரங்களை d, r, m என்று சோல்பா எழுத்துகளில் போட்டிருக்கும். பாதிப் பேர் கையில் அது அழகுக்குத்தான்; காது என் மேல் இருக்கும். பெண்களின் மேல்குரலான சோப்ரானோ தடுமாறினால் அதைப் பாடுவேன், கீழ்க்குரலான ஆல்டோ தடுமாறினால் அங்கே தாவுவேன். ஆண்களின் அடிக்குரலான பேஸைக்கூட விட்டுவைத்ததில்லை.

அன்று மாலை ஒத்திகையில் வாயை இறுக மூடிக்கொண்டு கையை மட்டும் அசைத்தேன். பரவாயில்லையே என்று நினைக்கும்போதே, 'கிருபை' என்ற சொல்லின் நடுவில் இருபது பேரும் ஒன்றாக மூச்செடுத்தார்கள். கிரு, ஓர் இழுப்பு, பை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நிறுத்தி, நோட்டில் எழுதிக் காட்டினேன்: இங்கே மூச்செடுக்க யார் சொன்னது?

ஆல்டோவில் முன்னால் நிற்கும் அமரவிளைத் தையல்கார அக்கா வாசித்துவிட்டுச் சிரித்தார். "நீங்களாக்கும், டீச்சரே! ரெண்டு வருசமா நீங்க அங்கதானே மூச்சு எடுக்கியீங்க. அது பாட்டுல உள்ளதுன்னுல்லா நாங்க நினைச்சோம்."

இரண்டு வருடம். தொண்டை கரகரக்கத் தொடங்கி, அந்தச் சொல்லை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் போனதும் அப்போதுதான். சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

கோபம் போய் ஆர்வம் வந்தது. அடுத்த முறை வேண்டுமென்றே வேறோர் இடத்தில் தோளை உயர்த்தி மூச்சை இழுத்தேன். குழு முழுவதும் இழுத்தது. இன்னோர் இடத்தில் இழுத்துப் பார்த்தேன். அங்கேயும்! பேஸ் பாடும் திருப்புறம் ஊர்க்காரர் மட்டும், இது என்ன விளையாட்டு என்பதுபோல் என்னை முறைத்தார். இத்தனை வருடத்தில் இவர்கள் என்னிடமிருந்து வேறு என்னவெல்லாம் எடுத்துக்கொண்டார்களோ என்று யோசித்தபடியே வீட்டுக்கு நடந்தேன்.

புதுவருடக் காலையில் நான் பாடவில்லை. கையைத் தூக்கும் முன் அவசரப்படாமல், வயிறு நிறைய மூச்செடுத்தேன். இருபது பேரும் எடுத்தார்கள். 'கிருபை' உடையாமல் வந்தது.

ஆராதனை முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு எனக்கு நெஞ்சு எளைக்கவே இல்ல, டீச்சரே. உங்களுக்க சொகக்கேடு மாறிட்டு, இல்லியா?"

இன்னும் பத்து நாள் உண்டு என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். அந்தப் பத்து நாளும் வாயைத் திறக்கவில்லை. குரல் திரும்பி வந்தது. ஆனாலும் ஒத்திகையில் இப்போது நான் பாடுவதில்லை; மூச்சை மட்டும் ஒழுங்காக எடுக்கிறேன்.