விலை ஏறாத சவரம்

இன்று அல்லிநகரம் கடையில் பிஸ்கட் பாக்கெட் இளைத்திருந்தது. விலை மட்டும் அதேதான். எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளில் ஒரு வருடம். டீசல் ஏறியது, பால் ஏறியது. டீக்கடைக்காரர் விலையை ஏற்றாமல் கிளாஸைச் சின்னதாக்கினார்.

ஓடைப்பட்டிக்குப் பெண் பார்க்கக் கிளம்பும் முன் சவரத்துக்கு உட்கார்ந்தேன். மேலிருந்து கீழாக ஒருமுறை மழித்துவிட்டு, சவரக்கடைக்காரர் கத்தியை மடக்கினார்.

"அண்ணே, கீழருந்து மேல ஒருக்க இழுப்பீகளே?"

"டீ கிளாஸு பாதியாப் போச்சுப்பா. நானும் வெலைய ஏத்தல."

சொரசொரத்த கன்னத்தோடு போய் உட்கார்ந்தேன். பெண் வீட்டில் பஜ்ஜி வந்தது. உள்ளே வாழைக்காய் இருப்பதாகச் சொன்னார்கள்.

பெண்ணின் அப்பா என் கன்னத்தையே பார்த்தார். மாப்பிள்ளை சோம்பேறி என்று முடிவு கட்டிவிட்டார், சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் தன் தாடையைத் தடவிக்கொண்டார்.

"எங்க ஊர்லயும் இப்ப ஒருக்கத்தேன் இழுக்குறாக."

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

இன்று அந்த பிஸ்கட்டைப் பார்த்த என் மனைவி, "அன்னைக்கு உங்க கன்னத்தப் பாத்தே வெலவாசியத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள்.

பஜ்ஜியைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

உங்கள் வீட்டில் எது இளைத்திருக்கிறது?